பிக்கப்பின் கதை – 11: டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி

சென்ற இதழில் 1942-இல் நிறுத்தியிருந்தோம். அமெரிக்காவில் டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்துவிட்டது. ரப்பர் தேயக் கூடாது என்பதற்காக நாடு முழுக்க மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று விதித்து, அதற்கு வெற்றி வேகம் என்று பெயரும் சூட்டினார்கள். நகரத்துக் கார்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். விவசாயியின் பிக்கப்புக்கோ அது தண்டனையாகவே படவில்லை. அந்த வண்டி அந்த வேகத்துக்காகவே செய்யப்பட்டது. போர் முடிந்து, ரேஷன் நீங்கி, சாலைகள் திறந்த பிறகுதான் அதற்குச் சோதனைக் காலம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1947-இல் வெளிவந்த செவ்ரோலே அரை டன் பிக்கப்பின் பின் அச்சு விகிதம் 4.11. டாப் கியரில் இன்ஜின் 4.11 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதன் 6.00-16 டயர் ஒரு மைல் தூரத்துக்கு ஏறத்தாழ 720 முறை உருளும். 60 மைல் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆக, இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,960 சுற்று சுற்ற வேண்டும். இன்றைய காருக்கு இது மிகச் சாதாரணம். அந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு அப்படியில்லை. அதன் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் மூன்றேமுக்கால் அங்குலம். கனெக்டிங் ராடின் பேரிங், உருக்கி ஊற்றிய பாபிட் உலோகம். அந்தப் பேரிங்குக்கு எண்ணெய் போவதும் முழு அழுத்தத்தில் அல்ல. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, தன்மேல் பீய்ச்சப்படும் எண்ணெயை அள்ளிக்கொள்ளும். 40 மைல் வேகத்தில் பத்தாண்டுகளுக்குச் சளைக்காமல் ஓடும் இன்ஜின் இது. 60 மைலில் மணிக்கணக்காக ஓட்டினால் என்ன ஆகும் என்று மெக்கானிக்குகளுக்குத் தெரியும்.

பின் அச்சு விகிதத்தை 3.5-க்குக் குறைத்துவிட்டால் ஆகாதா? ஆகும். ஆனால் அரை டன் சோளத்தை ஏற்றிக்கொண்டு சேற்று வயலிலிருந்து மேடேறும்போது வண்டி திணறும். இழுக்க ஒரு விகிதம் வேண்டும், ஓட இன்னொரு விகிதம் வேண்டும். பின் அச்சில் இருப்பதோ ஒன்றே ஒன்று. பிக்கப்பின் பிறவிச் சிக்கல் இது. 1925-இல் ஃபோர்டு 281 டாலருக்கு விற்ற மாடல் டி பிக்கப்பிலேயே இது இருந்தது. அந்தக் காலச் சாலை 60 மைலுக்கு இடம் கொடுக்காததால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்றைய வாசகர் ஒரு கேள்வி கேட்பார். கியர்பாக்ஸிலேயே இன்னொரு கியரைச் சேர்த்துவிட்டால் என்ன? நம் கார்களின் ஐந்தாம் கியர் அப்படித்தானே இருக்கிறது? அதற்குப் பதில் சொல்ல 1898-ஆம் ஆண்டு பாரிஸுக்குப் போக வேண்டும்.

லூயி ரெனோ அந்த ஆண்டில் செய்த சிறு வண்டியின் சிறப்பே அதன் டாப் கியர்தான். இன்ஜினிலிருந்து வரும் தண்டும் பின்னால் போகும் தண்டும் நேராக இணைந்துவிடும். இடையில் எந்தப் பல்சக்கரமும் பாரம் சுமக்காது. எனவே இரைச்சல் இல்லை, தேய்மானம் இல்லை, சக்தி விரயம் மிகக் குறைவு. உலகம் முழுக்க கார் செய்தவர்கள் இதைப் பின்பற்றினார்கள். டாப் கியர் என்றால் நேர் இணைப்பு என்பது எழுதாத சட்டமாயிற்று. அதற்கும் மேலே ஒரு கியர் வைத்தால் அது பல்சக்கரங்கள் வழியாகத்தான் ஓட வேண்டும். அந்தக் காலத்து நேர்ப்பல் சக்கரங்கள் ஊளையிடும்.

ஊளையிட்டதற்குச் சாட்சியும் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸின் புகழ்பெற்ற சில்வர் கோஸ்ட் 1907-இல் நான்கு கியர்களோடு வந்தது. மூன்றாவது நேர் இணைப்பு. நான்காவது அதற்கும் மேலான, வேக ஓட்டத்துக்கான கியர். சத்தமே இல்லாத கார் என்று பெயர் வாங்கிய வண்டியில் அந்த நான்காம் கியர் மட்டும் சத்தம் போட்டது. டாப் கியரிலேயே எந்நேரமும் ஓட்ட விரும்பிய சீமான்கள் குறைபட்டுக்கொண்டார்கள். 1909-இல் நிறுவனம் அதை எடுத்துவிட்டு மூன்று கியரோடு நிறுத்திக்கொண்டது. அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1912-ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் ஜேம்ஸ் ராட்லி ஓட்டிய சில்வர் கோஸ்ட், ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயில் முழுப் பாரத்தோடு கிளம்ப முடியாமல் நின்றுபோனது. கியர் விகிதத்தில் ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் பிடுங்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த எடுத்துக்காட்டு வேண்டாம்.

வேறு சிலர் சிக்கலைப் பின் அச்சிலேயே தீர்க்கப் பார்த்தார்கள். ஃபோர்டு வி-8 வண்டிகளுக்காக கொலம்பியா நிறுவனம் இரண்டு வேகப் பின் அச்சு செய்து விற்றது. பெரிய லாரிகளில் ஈட்டன் நிறுவனத்தின் இரட்டை வேக அச்சு வெகுகாலம் நிலைத்தது. இரண்டும் நல்ல சரக்குதான். ஆனால் அரை டன் பிக்கப் வாங்குகிறவனுக்கு ஏற்ற விடை வேறொரு திசையிலிருந்து வந்தது, அதுவும் தோற்றுப்போன ஒரு யோசனையிலிருந்து.

அந்த யோசனைக்குப் பெயர் ஃப்ரீவீல். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1930-இல் அதைத் தன் கார்களில் அறிமுகம் செய்தது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் கடகடவென்று ஓடுமே, அதே ஏற்பாடுதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தன் பாட்டுக்கு மெதுவாகச் சுற்றும், வண்டி தன் வேகத்தில் உருண்டு போகும். பெட்ரோல் மிச்சம். கிளட்சை மிதிக்காமலே கியர் மாற்றலாம் என்பது கூடுதல் கவர்ச்சி. கியர்கள் உரசாமல் இணைய உதவும் சின்க்ரோமெஷ் பரவாத அந்த நாளில் அது பெரிய வரம். ஓரிரு ஆண்டுகளில் பல நிறுவனங்களும் இதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் மலைச்சாலையில் இறங்கும்போது இன்ஜின் பிரேக் கிடைக்காது. நம் ஊரில் டீசலை மிச்சம் பிடிக்க மலைப்பாதை இறக்கத்தில் நியூட்ரலில் விடும் லாரிக்காரர்களை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். ஃப்ரீவீல் அந்த ஆபத்தைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. அன்று பல வண்டிகளில் பிரேக் இன்னும் கம்பியாலும் கேபிளாலும் இயங்கியது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939-இல்தான். ஃப்ரீவீல் மோகம் வந்த வேகத்திலேயே தணிந்தது. தனிச் சாதனமாக அது செத்தது. ஆனால் இந்தியானாவின் இன்னொரு நகரமான மன்சியில், வார்னர் கியர் தொழிற்சாலையின் பொறியாளர்கள் அதை வேறொன்றின் வயிற்றுக்குள் வைத்துவிட்டார்கள்.

வார்னர் கியர் அப்போது போர்க்-வார்னர் என்ற பெருங்குழுமத்தின் அங்கம்; 1928-இல் சில உதிரிபாக நிறுவனங்கள் ஒன்றிணைந்து உருவானது அது. அங்கே செய்யப்பட்ட ஓவர்டிரைவ், அதாவது நேர் இணைப்புக்கும் மேலான வேக விகிதம் தரும் சாதனம், 1934-இல் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரில் வெளிவந்தது. ஏர்ஃப்ளோவின் உருவத்தைக் கண்டு மக்கள் மிரண்டு ஓடியதும், அந்த மாடல் வணிகத்தில் படுத்ததும் தனிக்கதை. அதன் வாலில் ஒட்டியிருந்த ஓவர்டிரைவ் மட்டும் பிழைத்துக்கொண்டது. முதலில் சுழற்சி வேகத்தால் வெளியே விசிறப்படும் நாக்குகளால் இயங்கிய அது, பிறகு மின்சாரக் கட்டுப்பாட்டுக்கு மாறியது. போருக்குப் பின் பிக்கப்புகளுக்கு வந்தது இந்த மின்சார வகைதான். ஆர்-10 என்பது வழக்கமான அளவு, ஆர்-11 கனமானது.

அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் கணிப்பொறிக்கு முந்தைய காலத்துப் பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

வழக்கமான மூன்று கியர் பெட்டியின் வாலில் இன்னொரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குள் நடுவே ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுற்றி மூன்று சிறு கோள் சக்கரங்கள். அவை ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டவை. எல்லாவற்றுக்கும் வெளியே, உட்புறம் பற்கள் கொண்ட பெரிய வளையம். கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு கோள்களின் தாங்கியைச் சுழற்றும். வெளிவளையம் பின் சக்கரத்துக்குப் போகும் தண்டோடு இணைந்தது. சூரியச் சக்கரம் யாரோடும் கட்டப்படவில்லை, சும்மா கூடவே சுற்றும். இத்தோடு, உள்ளே வரும் தண்டுக்கும் வெளியே போகும் தண்டுக்கும் நடுவில் ஒரு ஃப்ரீவீல். உருளைகள் சரிவில் ஏறி இறுகினால் சக்தி போகும், தளர்ந்தால் போகாது.

சாதாரண நேரத்தில் சக்தி இந்த ஃப்ரீவீல் வழியாகவே போகிறது. இன்ஜின் ஒரு சுற்று, பின் தண்டும் ஒரு சுற்று. இப்போது சூரியச் சக்கரத்தை மட்டும் நகராமல் பிடித்து நிறுத்தினால் என்ன ஆகும்? கோள்கள் நின்றுபோன சூரியனைச் சுற்றி ஓடும்போது தாமும் உருண்டாக வேண்டும். அந்த உருளலும் சேர்ந்து வெளிவளையத்தைத் தள்ளும். வளையம் தாங்கியைவிட வேகமாக ஓடும். உள்ளே 7 சுற்று, வெளியே 10 சுற்று. இதைத்தான் 0.70 விகிதம் என்கிறோம். பின் தண்டு முந்திக்கொண்டு ஓடுவதால் ஃப்ரீவீல் தானாகவே தளர்ந்து வழிவிடுகிறது. எந்தக் குறைக்காக ஃப்ரீவீலை எல்லோரும் ஒதுக்கினார்களோ, அந்தக் குறையே இங்கே வேலை செய்கிறது.

சூரியனைப் பிடிப்பது யார்? பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சோலனாய்டு. மின்சாரம் வந்தால் அது ஓர் இரும்பு நாக்கை உள்ளே தள்ளும். நாக்கு சூரியனோடு இணைந்த தட்டின் பள்ளத்தில் விழுந்தால் சூரியன் நின்றுவிடும். ஆனால் முழு வேகத்தில் சுழலும் தட்டின்மேல் நாக்கைக் குத்தினால் பள்ளத்தில் விழாது, பல்தான் உடையும். அதைத் தடுக்கத்தான் தடை வளையம் என்றொரு சிறு உறுப்பு. நாக்கு தயாராக நீட்டிக்கொண்டு நிற்கும். தடை வளையம் அதை உள்ளே விடாது.

எப்போது விடும்? ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது. காலை எடுத்தவுடன் இன்ஜின் வேகம் விழும். வண்டியின் வேகம் அப்படியே இருக்கும். இன்ஜின் வேகம் சரியாக 70 சதவீதத்துக்கு இறங்கும் கணத்தில், கணக்குப்படி, சூரியச் சக்கரம் தானாகவே நின்றுபோகும். அடுத்த கணம் எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கும். அந்தத் திருப்பத்தில் தடை வளையம் சற்றே விலகும், நாக்கு பள்ளத்தில் விழும். ஒரு சின்ன ‘டக்’. மறுபடி காலை வைத்தால் வண்டி ஓவர்டிரைவில் ஓடுகிறது. ஓட்டுநர் கிளட்சைத் தொடவில்லை, கியர் கம்பியைத் தொடவில்லை.

மின்சாரத்தை அனுப்புவது பெட்டியிலேயே இருக்கும் கவர்னர். வண்டி ஏறத்தாழ 28 மைல் வேகத்தைத் தாண்டினால் அது மின்சுற்றை மூடும், ரிலே வழியாகச் சோலனாய்டு விழித்துக்கொள்ளும். அங்கிருந்து நாக்கு காத்திருக்கிறது. எப்போது மாறுவது என்பதை ஓட்டுநரின் கால் முடிவு செய்யும். வேகம் 22 மைலுக்குக் கீழே வந்தால் கவர்னர் மின்சுற்றைத் திறந்துவிடும், வண்டி பழைய நிலைக்குத் திரும்பும்.

இதையெல்லாம் மிஞ்சும் தந்திரம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓவர்டிரைவில் போகிறீர்கள், முன்னால் ஒரு லாரி, முந்த வேண்டும், உடனே இழுப்பு வேண்டும். ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்துகிறீர்கள். மிதியின் கீழே உள்ள சுவிட்ச் சோலனாய்டின் மின்சாரத்தை வெட்டுகிறது. ஆனால் நாக்கு வெளியே வராது, இன்ஜினின் முழுப் பலமும் அதைப் பள்ளத்தின் சுவரோடு நெருக்கிப் பிடித்திருக்கிறது. என்ன செய்வது? அதே சுவிட்ச் இன்ஜினின் பற்றவைப்பையும் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அணைத்துவிடுகிறது! இன்ஜின் ஓரிரு வெடிப்பைத் தவறவிடுகிறது, நெருக்கம் தளர்கிறது, ஸ்பிரிங் நாக்கை வெளியே இழுக்கிறது. நாக்கு வெளியே வந்ததும் சோலனாய்டுக்குள் இருக்கும் தொடுப்பு விலகி, பற்றவைப்பு திரும்புகிறது. ஓட்டுநருக்குத் தெரிவது ஒரு சிறு தயக்கம், அதற்குப் பின் பாய்ச்சல். மிகுந்த பலம் வேண்டி மிதித்தவனுக்கு முதலில் இன்ஜினையே அணைத்துக் காட்டும் இந்தத் துணிச்சல் யாருக்குத் தோன்றியிருக்கும் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு டி வடிவக் கைப்பிடி இருக்கும். உள்ளே தள்ளியிருந்தால் மேலே சொன்ன அனைத்தும் நடக்கும். வெளியே இழுத்தால் சூரியச் சக்கரம் நகர்ந்து கோள்களின் தாங்கியோடு பல் கோர்த்துக்கொள்ளும். மொத்தப் பெட்டியும் ஒரே துண்டாகச் சுழலும். ஓவர்டிரைவும் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை, இன்ஜின் பிரேக் திரும்பக் கிடைக்கும். ரிவர்ஸ் கியர் போட்டால் கைப்பிடி எங்கே இருந்தாலும் பெட்டி தானாகவே இந்தப் பூட்டு நிலைக்குப் போகும். ஃப்ரீவீல் வழியாகப் பின்னோக்கி ஓட்ட முடியாதல்லவா.

இனி, பிக்கப்புகளுக்கு வருவோம். ஃப்ரீவீலைத் தொடங்கிவைத்த ஸ்டூடிபேக்கருக்கே இதில் முதல் மரியாதை. ராபர்ட் போர்க் வடிவமைத்த 2ஆர் வரிசை லாரிகள் 1949 மாடலாக வந்தன. அவற்றில் அரை டன் 2ஆர்5 பிக்கப்பை, கூடுதல் விலைக்கு மூன்று கியரும் ஓவர்டிரைவும் சேர்த்து வாங்கலாம். சாம்பியன் காரிலிருந்து எடுத்த 170 கன அங்குல இன்ஜின், 80 குதிரைச் சக்தி. அவ்வளவு சிறிய இன்ஜினுக்கு இழுக்க ஒரு விகிதம், ஓட ஒரு விகிதம் என்பது சொகுசு இல்லை, தேவை. 1953-இல் ஃபோர்டு எஃப்-100 வந்தபோது அதன் கியர்பாக்ஸ் பட்டியலிலும் ஓவர்டிரைவ் இடம்பெற்றது. செவ்ரோலே தாமதமாகத்தான் வந்தது. அதன் பிக்கப்புகளில் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சு வரை தண்டைக் குழாய்க்குள் மூடிக் கொண்டுபோகும் பழைய அமைப்பு இருந்தது. வாலில் இன்னொரு பெட்டியைச் சொருக அதில் இடமில்லை. 1955-இல் திறந்த தண்டுக்கு மாறியதும் அரை டன் பிக்கப்புக்கு ஓவர்டிரைவ் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, நாம் தொடக்கத்தில் பார்த்த கரண்டி இன்ஜின் போய், முழு அழுத்த எண்ணெயோட்டம் கொண்ட 235 கன அங்குல இன்ஜினும் வந்திருந்தது.

விளம்பரங்கள் பெட்ரோல் சிக்கனத்தையே முழங்கின. இன்ஜின் சுற்று 30 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 30 சதவீதம் குறையும் என்று வாங்கியவர்கள் நம்பியிருக்கலாம். அப்படி நடக்காது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய வேலை குறையவில்லை. குறைவது இன்ஜினின் உள் உராய்வும், பாதி மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்கும் சிரமமும்தான். அதில் வரும் மிச்சம் உண்மையானது, ஆனால் சுற்றுக் குறைவைவிட வெகு சிறியது. என்னைக் கேட்டால் ஓவர்டிரைவின் பெரிய லாபம் பெட்ரோலில் இல்லை. பேரிங்கிலும் பிஸ்டன் வளையத்திலும், ஓட்டுபவரின் காதிலும்தான் இருக்கிறது. 60 மைலில் 2,960 சுற்று என்பது 2,070 ஆகிவிட்டால், கேபினுக்குள் பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

நிறுவனங்கள் இதை இன்னொரு வழியிலும் பயன்படுத்தின. 1955 செவ்ரோலே கார்களைப் பாருங்கள். சாதாரண மூன்று கியர் வண்டிக்குப் பின் அச்சு 3.70. ஓவர்டிரைவ் வாங்கினால் 4.11. நேர் கியரில் இழுப்பு கூடுகிறது; ஓவர்டிரைவில் 4.11-ஐ 0.70-ஆல் பெருக்கினால் 2.88. ஒரே வண்டி இரண்டு பக்கமும் ஜெயிக்கிறது. காட்ஷ்பெர்க்கில் தவித்த சில்வர் கோஸ்டுக்குக் கிடைக்காத சலுகை. ஓவர்டிரைவ் மூன்றாம் கியருக்கு மட்டும் உரியதும் அல்ல, இரண்டாம் கியரிலும் இயங்கும். இரண்டாம் கியரில் ஓவர்டிரைவைச் சேர்த்தால் நேர் இணைப்பைவிடச் சற்று இழுப்பான ஒரு விகிதம் கிடைக்கும். நீண்ட மேட்டில் பாரத்தோடு ஏறுகிறவர்களுக்கு அது கூடுதலாகக் கிடைத்த கியர்.

ஒரு பக்கக் குறிப்பு. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் எட்கர் டி நார்மன்வில் என்பவர் வேறு வகை ஓவர்டிரைவைச் செய்தார். ஷெஃபீல்டின் லேகாக் நிறுவனம் அதைத் தயாரித்தது. நாக்குக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கூம்புக் கிளட்ச். காலை எடுக்காமலே, முழு இழுப்பிலேயே மாறும். அதை முதலில் ஏற்றுக்கொண்ட கார்களில் ஒன்று ஸ்டாண்டர்ட் வான்கார்டு. சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் பொருத்தி விற்றார்களே, அதே வான்கார்டுதான். தொழில்நுட்பமாக லேகாக் மேலானது என்பதில் ஐயமில்லை. இன்றும் பழைய பிக்கப்புகளுக்கு அமெரிக்காவில் தனியாக விற்கும் கியர் வெண்டர்ஸ் ஓவர்டிரைவ் இந்த வம்சத்தில் வந்தது. ஆனாலும் மன்சிக்காரர்கள் நாக்கையும் ரிலேயையும் வைத்துக்கொண்டு அதே வேலையை மலிவாக முடித்தார்கள். விவசாயிக்கு மலிவு முக்கியம்.

1956 ஜூன் 29-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஐசனோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்குத் திட்டம். ஓவர்டிரைவுக்குப் பொற்காலம் பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது, வி-8 இன்ஜின்கள் பெருத்தன. பெரிய இன்ஜினுக்கு 3.5 அல்லது அதற்கும் குறைந்த பின் அச்சைக் கொடுத்தாலும் பாரத்தை இழுக்கும். கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் ஓவர்டிரைவை விட்டுவிட்டு ஆட்டோமேட்டிக்கை வாங்கினார்கள். காலை எடுத்து வைக்கும் அந்தச் சிறு பழக்கத்தைக்கூடக் கற்க வேண்டாமே. ஸ்டூடிபேக்கர் 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடியது; அதன் பிக்கப்புகளும் அத்தோடு முடிந்தன. மற்ற நிறுவனங்களின் பட்டியல்களிலிருந்தும் ஓவர்டிரைவ் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. தோற்றது சாதனம் அல்ல, அதன் தேவையை மலிவுப் பெட்ரோல் மறைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

அதற்கு ஆதாரமாக 1973 அக்டோபர் வந்தது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974 ஜனவரியில் நாடு முழுக்க 55 மைல் கட்டுப்பாடு. 1975 டிசம்பரில் எரிபொருள் சிக்கனச் சட்டம். 1979 மாடல்களிலிருந்து அந்த விதி இலகு லாரிகளையும் பிடித்தது. ஓவர்டிரைவ் திரும்பி வந்தது, இம்முறை வாலில் தொங்கும் தனிப்பெட்டியாக இல்லாமல் கியர்பாக்ஸுக்குள்ளேயே. பற்களைச் சாய்வாக வெட்டும் கலை இதற்குள் முதிர்ந்துவிட்டதால் ஊளைச் சத்தம் பிரச்சினையாக இல்லை.

கிரைஸ்லர் குழுமம் செய்தது கெட்டிக்காரத்தனம். கைவசம் ஏ-833 என்ற பலமான நான்கு கியர் பெட்டி இருந்தது. பந்தயக் கார்களில் பேர் வாங்கியது. அதில் மூன்றாம் கியரின் பல்சக்கரங்களை மட்டும் 0.73 விகிதத்துக்கு மாற்றினார்கள். இப்போது நேர் இணைப்பு நான்காம் இடத்திலும், அதைவிட வேகமான கியர் மூன்றாம் இடத்திலும் வந்துவிட்டது, ஓட்டுகிறவர் குழம்பிப்போவார். அதற்கு ஒரே ஒரு வெளிநெம்புகோலைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினார்கள். கியர் கம்பியின் வரிசை பழையபடி சரியாகிவிட்டது. இதே பெட்டி டாட்ஜ் பிக்கப்புகளிலும், 1980-களில் செவ்ரோலே பிக்கப்புகளிலும் ஓடியது. ஃபோர்டும் தனக்கென ஒரு நான்கு கியர் ஓவர்டிரைவ் பெட்டியைச் செய்தது. 1988-இல் மாஸ்டா தயாரித்த ஐந்து கியர் பெட்டி ஃபோர்டு எஃப்-150-க்கு வந்தபோது, ஓவர்டிரைவ் என்பது தனிச்செலவு என்ற நிலையே மாறிவிட்டது.

1950-களின் ஓவர்டிரைவ் பிக்கப் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அல்லது அயல்நாட்டில் நண்பர் ஒருவர் சாவியை நீட்டினால், சில விஷயங்களை மறந்துவிடாதீர்கள். கைப்பிடி உள்ளே இருக்கும்போது முதல் கியரில் விட்டு நிறுத்தினால் வண்டி முன்னோக்கி உருண்டுவிடும். ரிவர்ஸில் விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கைப்பிடியை இழுத்த பிறகுதான் முடியும். மலை இறங்குமுன் கைப்பிடியை வெளியே இழுத்துவிடுங்கள், ஆனால் வண்டி சும்மா உருண்டுகொண்டிருக்கும்போது இழுக்காதீர்கள். நின்றபடி, அல்லது குறைந்த வேகத்தில் இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது இழுங்கள். இல்லையேல் பற்கள் மோதும். நாக்கு உள்ளேயே சிக்கியிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் ரிவர்ஸ் போடவே கூடாது. சூரியன் ஒருபுறம் பெட்டியோடும் மறுபுறம் தாங்கியோடும் கட்டப்பட்டு மொத்தமும் இறுகிவிடும், ஏதாவது உடையும். 6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் சோலனாய்டையும் ரிலேயையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்று பெட்டியைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் ஃபியூஸையும் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மன்சியில் போர்க்-வார்னரின் தொழிற்சாலை 2009-இல் மூடப்பட்டது. அடுத்த இதழில் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப்புகள்: ஃபோர்டு லாரிகளை வாங்கி மாற்றிக் கொடுத்த மார்மன்-ஹெரிங்டன் நிறுவனமும், 1946-இல் போர்க்களத்திலிருந்து பண்ணைக்கு வந்த டாட்ஜ் பவர் வேகனும்.